ஜெர்மனிக்குக் குடும்பத்தோட பொட்டி கட்டுறவங்களுக்கு

மக்களே, வீடு பிடிக்காம தங்கமணி, குட்டீஸுக்கு டிக்கெட் போடாதீங்க. விளம்பரத்துல பெருசா போட்டிருக்கிறது 'கால்ட்மீட்டே', அதாவது வெறும் வாடகை. ஹீட்டிங், தண்ணி, குப்பை எல்லாம் சேர்த்தாதான் 'வார்ம்மீட்டே'. கரண்ட் பில் பெரும்பாலும் அதுக்கும் மேல தனி! நான் பார்த்த ஒரு வீட்டுல கிச்சன்ல குழாய் மட்டும் நீட்டிக்கிட்டு நின்னுது. சிங்க், அடுப்பு எல்லாத்தையும் பழைய ஆளு கழட்டிக்கிட்டுப் போயிட்டாராம். (பல்பைக்கூட விடலை.)

அட்வான்ஸ் மூணு மாச கால்ட்மீட்டேக்கு மேல கேட்க முடியாது, அதையும் மூணு தவணையா கட்டலாம்னு அங்க சட்டமே இருக்கு. ஆனா எனக்கு ஒரு மெயில்: 'நான் வெளிநாட்டுல இருக்கேன், மொத்தப் பணமும் அனுப்புங்க, சாவி கூரியர்ல வரும்'. போட்டோவுல வீடு அம்சமா இருந்தது. தங்கமணிக்கு டிக்கெட் எடுத்தாச்சேங்கிற பயத்துல, நானும் அனுப்ப பேங்க் பக்கத்தைத் திறந்து வச்சுட்டேன்.