மலிவான வாடகையும் மறைந்திருக்கும் செலவும்

ஏப்ரல், மே மாதங்கள் குடும்பங்கள் ஊர் மாறும் காலம். பள்ளித் தேர்வுகள் முடிந்தவுடன், பெங்களூரிலோ புணேயிலோ குருகிராமிலோ வேலை கிடைத்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு மனைவி மக்களோடு புறப்படுகிறார்கள். 2011 முதல் 2016 வரை ஆண்டுதோறும் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் சென்றதாக, ரயில் பயணிகள் விவரத்தைக் கொண்டு 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது.

இவ்வாறு செல்லும் நடுத்தரக் குடும்பம், புதிய ஊரில் எந்தப் பகுதியில் குடியேறுவது என்பதைப் பெரும்பாலும் இரண்டே எண்களைக் கொண்டு முடிவு செய்கிறது. ஒன்று கைக்கு வரும் சம்பளம். மற்றொன்று வீட்டு வாடகை. அந்த வாடகை உண்மையில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நகரின் மையத்திலிருந்து விலக விலக வாடகை குறையும் என்பது பொருளியலில் பழைய பாடம். 1964-இல் வில்லியம் அலோன்சோ இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். வாடகையில் குறைவது பயணத்தில் கூடும் என்பது அதன் மறுபாதி. அதனால்தான் அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த ஓர் ஆய்வு மையம், வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே கணக்கிட்டு, இரண்டும் வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டாத பகுதியே கட்டுப்படியாகும் பகுதி என்று வரையறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அலுவலகத்துக்கு அருகில் வாடகை ரூ.32,000, புறநகரில் ரூ.20,000 என்று கொள்வோம். மிச்சம் ரூ.12,000. இரண்டாவது வாகனத்தின் தவணை, பெட்ரோல், பள்ளி வேன் ஆகியவற்றுக்கு ரூ.9,000 போனால் எஞ்சுவது ரூ.3,000. இதற்காக நாளொன்றுக்குக் கூடுதலாக மூன்று மணி நேரம் சாலையில் கழிந்தால், மாதம் 24 வேலை நாள்களில் 72 மணி நேரம். தம் ஓய்வு நேரத்தை மணிக்கு 42 ரூபாய்க்கு விற்க, படித்த எவரும் தெரிந்தே சம்மதிக்க மாட்டார். தண்ணீர்ச் செலவை இதில் சேர்க்கவில்லை. 2024 கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, காவிரிக் குடிநீர் இணைப்பு இல்லாத புறநகர்க் குடியிருப்புகள் தண்ணீர் லாரிகளுக்குக் காத்துக் கிடந்தன.

அடுத்தது முன்பணம். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். திரும்பி வரும் பணம்தானே என்று பலரும் இதைச் செலவாகக் கருதுவதில்லை. அத்தொகையை 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுத்தால், மாதந்தோறும் கட்டும் வட்டி வாடகையில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. அதாவது, ரூ.30,000 வாடகை உண்மையில் ரூ.33,000. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையை முன்பண உச்சவரம்பாக வைத்தது. அதைத் தமதாக்கிக் கொள்வது மாநிலங்களின் விருப்பம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. சென்னையில் வீடு தேடுபவர்களைக் கேட்டால் அச்சட்டத்தின் வலிமை தெரியும்!

பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்புகள் பிள்ளைகளின் படிப்பில் நேர்கின்றன. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ வேறு பள்ளிக்கு மாறும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. ஆனால், உதவி பெறாத தனியார் பள்ளிகள் அந்த உரிமையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. எனவே, நடுத்தரக் குடும்பம் நாடும் பள்ளிகளில் இடமும் கட்டணமும் நிர்வாகத்தின் கையில். மொழி வேறு இருக்கிறது. தமிழ்நாடு 2006-இல் செய்ததைப் போலவே கர்நாடகம் 2015-இலும், தெலங்கானா 2018-இலும், மகாராஷ்டிரம் 2020-இலும் தத்தம் மொழியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றின. அந்தந்த மாநிலத்தின் நோக்கில் அது நியாயமே. எட்டாம் வகுப்பில் புதிய எழுத்தைக் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு அது தனிப்பயிற்சிச் செலவு.

இடஒதுக்கீடும் எல்லை தாண்டுவதில்லை. ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தவராக உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கு அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தமிழ்நாடு 2020 முதல் வழங்கும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை, ஒன்பதாம் வகுப்பில் பெற்றோருடன் மாநிலம் மாறும் மாணவி இழந்துவிடுகிறாள். தந்தையின் சம்பள உயர்வு எவ்வளவு இருந்தால் இது ஈடாகும்? மனைவியின் வருமானமும் இத்தகையதே. மாநில அரசுப் பள்ளி ஆசிரியைக்கு வேறு மாநிலத்துக்குப் பணி மாறுதல் கிடையாது. தனியார் பள்ளியில் பணியாற்றியவரும் புதிய ஊரில் பெரும்பாலும் தொடக்கச் சம்பளத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு ரூ.30,000 கூடி, மற்றவருக்கு ரூ.35,000 நின்றுபோகும் இடமாற்றத்தை முன்னேற்றம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

தங்களுக்குத் தேவையான சேவையும் வரியும் பொருந்தும் ஊரைத் தேடி மக்கள் குடியேறுவார்கள் என்று 1956-இல் சார்லஸ் டீபூ எழுதினார். மக்களுக்கு எல்லா ஊர்களைப் பற்றியும் முழுத் தகவல் உண்டு என்பது அவர் வைத்த நிபந்தனைகளுள் ஒன்று. நம்மிடம் இல்லாதது அதுதான். தொழிலாளர் பணியகம் 88 மையங்களுக்கு விலைக் குறியீட்டெண்களை வெளியிடுகிறது. அவற்றில் ஒவ்வொரு மையத்தின் 2016 விலைநிலையும் அந்தந்த மையத்துக்கு 100. ஒரு நகரின் எண் 150, இன்னொன்றின் எண் 140 என்றால், முதலாவதில் விலை வேகமாக ஏறியது என்று பொருளே தவிர, அங்கு வாழ்வதற்கு அதிகம் செலவாகும் என்பதல்ல. முதுநிலை மாணவர்களுக்கே இதை விளக்க எனக்கு ஒரு வகுப்பு முழுதும் தேவைப்படும்.

அரசுத் துறைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை. மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்குப் பெங்களூரு, ஹைதராபாத், புணே, ஆமதாபாத் உள்ளிட்ட எட்டு நகரங்கள் முதல் வகுப்பு. வருமான வரித் துறைக்கோ பல்லாண்டுகளாக தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மட்டுமே 50 சதவீதச் சலுகைக்குரிய பெருநகரங்களாக இருந்து வந்தன. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்தச் சலுகையே இல்லை.

அமெரிக்காவின் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம், மாநிலங்களுக்கும் பெருநகரப் பகுதிகளுக்கும் இடையே விலைநிலையை ஒப்பிடும் குறியீட்டை 2014 முதல் அதிகாரபூர்வமாக வெளியிட்டு வருகிறது. நம் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஏற்கெனவே மாதந்தோறும் நகரங்களில் பொருள்களின் விலையையும் வீட்டு வாடகையையும் திரட்டுகிறது. அதிலிருந்து அத்தகைய ஒப்பீட்டை ஆண்டுக்கொரு முறையாவது கணித்து, கல்வியாண்டு முடியும் மார்ச் மாதத்துக்குள் வெளியிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.