தேய்மானத்தின் விலை

கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் இருக்கும் ஃபெண்டர் கஸ்டம் ஷாப்பில் செய்த பேஸ் கிட்டார் ஒன்று 4,000, 5,000 டாலர் விலை போகிறது. நம் ஊருக்கு வந்து இறங்கும்போது நாலைந்து லட்சம் ரூபாய். கருவி புத்தம் புதியது. ஆனால் வாசிப்பவரின் முழங்கை உரசும் இடத்தில் பெயின்ட் போய் மரம் தெரிகிறது. திருகுகளில் துரு இருக்கிறது, மேல்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. இத்தனையும் பட்டறையில் ஆட்கள் உட்கார்ந்து வேலை மெனக்கெட்டு உண்டாக்கியவை. அதே நிறுவனம் தன் மலிவுப் பிராண்டான ஸ்குவையரில், அதே வடிவம், அதே 34 அங்குலக் கம்பி நீளம் கொண்ட ஒரு பேஸை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்கிறது. இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பேஸ் வாசிப்பவர்கள் ஓயாமல் மல்லுக்கட்டுகிறார்கள். நானும் அந்த வழக்கில் ஒரு கட்சிக்காரன். நல்ல கைவேலைக்குக் கொடுக்கிற காசு நியாயமானது. வருடத்துக்கும் தழும்புக்கும் கொடுக்கிற காசு வீண்.

பேஸ் கிட்டார் எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்துப் பிழைத்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாத்தியக்காரர்கள் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைவதையும், ட்ரம்ஸும் ட்ரம்பெட்டும் முழங்கும் மேடையில் அது காதில் விழாமல் போவதையும் அவர் கவனித்தார். 1951-ல் பிரிசிஷன் பேஸ் வந்தது. ஒரு பலகை, ஒரு நெக், நாலு கம்பி, ஒரு பிக்கப். ஃப்ரெட் இருப்பதால் சுருதி பிசகாது. நெக் நாலு திருகில் நிற்கிறது; கெட்டால் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். 1957-ல் பிக்கப்பை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கும்படி செய்தார்கள். 1960-ல் ஒல்லியான நெக்கும் இரண்டு பிக்கப்பும் கொண்ட ஜாஸ் பேஸ் வந்தது. இன்றைக்கும் உலகெங்கும் செய்யப்படும் நாலு கம்பி பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வாரிசுகள்தான்.

ஆயிரக்கணக்கில் ஒன்றுபோலச் செய்ய வேண்டும் என்றே வரைந்த கருவி இது. வேலை தெரிந்த ஒரு தொழிலாளி, சரியான அச்சை வைத்துக்கொண்டு, எந்த நாளிலும் இதைச் செய்யலாம் என்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது. ஃபெண்டரின் பழைய ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் பிக்கப்புக்குத் தாமிரக் கம்பி சுற்றியவர்களில் அபிகெயில் இபாரா என்ற பெண்மணி ஒருவர். 1956-ல் வேலைக்குச் சேர்ந்து 2013 வரை அந்த நிறுவனத்தில் இருந்தவர். பிற்காலத்தில் அவர் கைப்படச் சுற்றிய பிக்கப்புகள் தனி விலைக்கு விற்றன. அந்த விலையை நான் மனமார ஆதரிக்கிறேன். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு வேலையைச் செய்தவரின் விரலுக்குத் தெரிந்தது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. ஆனால் பழைமை விரும்பிகள் கொண்டாடும் 1962-ல் அந்த மேசைகளில் நடந்தது அன்றாடத் தொழிற்சாலை வேலை. ஒரு காயிலுக்கும் அடுத்ததற்கும் சுற்று எண்ணிக்கை கொஞ்சம் மாறும், இழுவை மாறும். ஆகவே 1962 என்ற எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பவர் நல்ல பேஸையும் வாங்கலாம், மட்டமானதையும் வாங்கலாம்.

வருடத்தின் மீதான இந்த மயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலர் கொடுத்து ஃபெண்டரை வாங்கியது. அதற்குப் பிறகு தரம் இறங்கியது என்று வாத்தியக்காரர்கள் குறைபட்டார்கள். கனமான ஆஷ் மரம், பிளாஸ்டிக் போலத் தடித்த பாலியெஸ்டர் பூச்சு, எழுபதுகளின் நடுவில் நெக்கைப் பிடிக்க நாலுக்குப் பதிலாக மூன்றே திருகு. குறைகளில் உண்மை இருந்தது. ஆனால் மார்கஸ் மில்லர் தன் கட்டை விரலால் ஒரு தலைமுறைக்கே ஸ்லாப் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது 1977-ம் வருட ஜாஸ் பேஸில். ரஷ் குழுவின் கெடி லீ கலமாஸூ நகரத்தில் ஒரு அடகுக் கடையில் வாங்கிய 1972-ம் வருட ஜாஸ் பேஸ்தான் அவருடைய அடையாளமாகிப் போனது. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அதே எழுபதுகளின் பாணியில் இன்று புது கிட்டார்கள் செய்து விற்கிறார்கள். அந்த மரத்தில் இடையில் எந்த மாற்றமும் நேரவில்லை. அதில் பெரிய கலைஞர்கள் வாசித்தார்கள், விலை அவர்கள் பின்னால் போனது.

ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய பாணி பேஸ் விற்கிற ஒவ்வொருவரும் கடைசியில் அவர் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்தில், வெஸ்ட் கிராண்ட் பொலிவார்டில் ஒரு வீட்டோடு ஒட்டிய சிறிய ஸ்டுடியோவில், அறுபதுகளில் வெளிவந்த எண்ணற்ற பாட்டுகளின் அடித்தளம் அவர் வாசித்தது. டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘மை கேர்ள்’ பாட்டில் முதலில் காதில் விழுகிற மூன்று துடிப்புகள் அவருடையவை. முதலில் டபுள் பேஸ் வாசித்தவர் என்பதால் எலெக்ட்ரிக் பேஸிலும் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றைக் கொண்டே வாசித்தார். அவருடைய 1962 பிரிசிஷனில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள் இருந்தன. அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். கம்பி நெக்கிலிருந்து உயரமாக நின்றது; மற்றவர்கள் வாசிக்கத் திணறுகிற உயரம். பிரிட்ஜ் மூடியின் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், நாதம் நீளாமல் சட்டென்று அடங்குவதற்காக. பதிவின்போது ஆம்ப் கிடையாது. கேபிள் நேராகக் கன்சோலுக்குப் போனது.

இதில் எது விலை உயர்ந்தது? கம்பிகள் சில ஆயிரம் ரூபாய். ஸ்பாஞ்சுக்குக் காசே இல்லை. அழுக்கேறிய கம்பி காலத்தின் கொடை, பொறுமை இருந்தால் எவருக்கும் கிடைக்கும். அந்தப் பிரிசிஷனோ, அவர் வாசித்த நாளில் விண்டேஜ் இல்லை. கடையில் வாங்கிய புதுக் கருவி. மோட்டவுனின் பொற்காலம் முழுவதும் ஒலித்தது இளம் மரமும் இளம் காந்தமும்தான். இன்று அந்த ஒலிக்காக அறுபது வருடப் பழைமையைத் தேடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மிச்சமிருப்பது அந்த ஒற்றை விரலும், அதை நடத்திய காதும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் அவர் கோத்த அந்தக் குறுக்குச் சந்துகள் எந்தக் கடையிலும் இல்லை. மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயரை இசைத்தட்டு உறையில் அச்சிடும் வழக்கம் 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வரை இல்லை. 1983-ல் 47 வயதில் ஜேமர்சன் இறந்தார். அதற்குச் சற்று முன் அந்த 1962 பேஸ் திருடு போனது.

உறையில் பெயர் இல்லாத பேஸ் வாசிப்பு நமக்கும் பழக்கம்தான். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பேஸ், குரலுக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டு போகும். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் வாசித்தவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும், பெரும்பாலும் கேட்கவில்லை. அது எந்த வருடத்துக் கிட்டார் என்று கேட்காமல் விட்டதில் மட்டும் எனக்கு வருத்தம் இல்லை.

காது பழைமையைக் கண்டுபிடிக்குமா என்பதை வயலின்காரர்கள் முறையாகச் சோதித்துவிட்டார்கள். கிளாடியா ஃப்ரிட்ஸ் என்ற பிரெஞ்சு ஒலியியல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் 10 உலகத்தரத் தனி வாசிப்பாளர்களுக்குக் கண்ணை மறைக்கும் கண்ணாடி மாட்டி, ஆறு பழைய இத்தாலிய வயலின்களையும் ஆறு புதியவற்றையும் கொடுத்தார்கள். பழையவற்றில் ஸ்ட்ராடிவாரி செய்தவையும் இருந்தன. 2014-ல் வெளியான முடிவு: பத்தில் ஆறு பேருக்கு மிகப் பிடித்தது ஒரு புது வயலின். எது பழசு, எது புதுசு என்று அவர்களால் நம்பகமாகச் சொல்லவும் முடியவில்லை. வயலினில் மரமே ஒலிக்கிறது. எலெக்ட்ரிக் பேஸிலோ காந்தத்தின் முன் எஃகுக் கம்பி அதிர, அந்த அதிர்வு தாமிரச் சுற்றில் மின்சாரமாகிறது. மரத்தின் பங்கு வயலினோடு ஒப்பிட இங்கே மிகக் குறைவு. அங்கேயே தேறாத பழைமை இங்கே எப்படித் தேறும்?

ஃப்ரெட்போர்டு மரத்துக்கும் இப்படி ஒரு புராணம் உண்டு. பழைய ஃபெண்டர்களில் பிரேசில் ரோஸ்வுட் இருந்தது. காட்டில் அது அருகிப் போனதால் 1992-ல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்ந்தது. அதன் சர்வதேச வணிகம் ஏறக்குறைய நின்றுபோனது. இன்றைய ‘அறுபதுகள் பாணி’ கிட்டார்களில் பல தாங்கி நிற்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் நாம் அறிந்த இந்திய ரோஸ்வுட்டைத்தான். 2017-ல் ரோஸ்வுட் பேரினம் முழுவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றபோது தயாரிப்பாளர்கள் அவசரமாக பாவ் ஃபெர்ரோ மரத்துக்கு மாறினார்கள். 2019-ல் இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்ததும் ரோஸ்வுட் திரும்பியது. கேட்டு மட்டும் இவற்றைப் பிரித்துச் சொன்னவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. காட்டில் நிற்கிற ஈட்டி மரத்தின் மதிப்பு எனக்கு எந்த பேஸின் மதிப்பையும் விடப் பெரியது.

எதிர்க்கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. அது கைக்குத் தெரிகிற நியாயம். நல்ல கஸ்டம் ஷாப் பேஸை மடியில் வைத்ததும் இடக்கைக்கு ஒரு நிம்மதி வரும். ஃப்ரெட்போர்டின் விளிம்பை உருட்டியிருப்பார்கள். ஃப்ரெட்டின் முனை ஒன்றுகூட விரலைக் கீறாது. எந்த இடத்தில் அழுத்தினாலும் கம்பி உதறாது. எடை தோளை அறுக்காது. மூன்று மணி நேரக் கச்சேரியில் வாரம் நாலு நாள் நிற்கிறவருக்கு இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதற்குக் கொடுக்கிற காசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதே வேலையில் பெரும்பகுதியை நம் ஊரில் ஒரு திறமையான ரிப்பேர்காரர் மலிவான பேஸிலும் செய்து கொடுப்பார். ஃப்ரெட்டைச் சமன்படுத்தி, முனைகளை ராவி, தலைப்பக்க நட்டில் கம்பித் தடங்களைச் சரியான ஆழத்துக்கு வெட்டி, ஆக்‌ஷனை, அதாவது கம்பியின் உயரத்தை, இறக்கிக் கொடுத்தால் ஒரு சாதாரண பேஸ் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

பழைமைக்கு விசுவாசம் என்ற பெயரில் குறையையும் சேர்த்து விற்கிறார்கள், அது எனக்குக் கோபத்தைத் தருகிறது. நெக் வளையாமல் பிடித்துக்கொள்ளும் ட்ரஸ் ராடின் நட்டு, அந்தக் காலத்து ஃபெண்டர்களில் நெக் பாடியோடு சேரும் அடிப்பக்கத்தில் இருந்தது. அதைத் திருப்ப வேண்டுமானால் கம்பியைத் தளர்த்தி, நெக்கையே கழற்ற வேண்டும். பிற்காலத்துக் கிட்டார்களில் அது தலைப்பக்கம் வந்துவிட்டது. ஒரு சாவி போதும். அச்சு அசல் விண்டேஜ் வேண்டும் என்பதற்காகப் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய், கூடுதல் விலையும் வாங்குகிறார்கள். ஐப்பசி மழையில் ஒரு பக்கமும் ஏ.சி. அறையில் மறுபக்கமும் நெக் நகரும் சென்னையில் இது வாசிப்பவருக்குத் தண்டனை.

செயற்கைத் தேய்மானத்துக்கு வருகிறேன். 1995-ல் ரெலிக் என்ற பெயரில் கஸ்டம் ஷாப் இதைத் தொடங்கியது. இன்று க்ளோசெட் கிளாசிக், ஜர்னிமேன், ஹெவி ரெலிக் என்று சேதத்துக்குப் படிநிலைகள் வந்துவிட்டன. பாட்டி வீட்டு அம்மியின் நடுவில் விழுந்த பள்ளம் அவள் அரைத்ததால் விழுந்தது. உளி வைத்துப் பள்ளம் தோண்டிய புது அம்மியை யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. ஜேகோ பாஸ்டோரியஸ் என்ற பேஸ் கலைஞரின் ஜாஸ் பேஸில் இருந்த ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் இருந்தது. ஃப்ரெட் இல்லாத பலகையில் உலோகக் கம்பி உராய்ந்து பள்ளம் விழாமல் இருக்கப் படகுகளுக்குப் பூசுகிற எபாக்ஸியை அவர் பூசினார். அந்தப் பாடும் தொனி பிறந்ததில் அதற்கும் பங்குண்டு. 1986-ல் நியூயார்க்கில் அது களவு போனது. மறு வருடம் அவர் இறந்தார். அவர் வியர்வை ஊறிய அந்த ஒரு கட்டைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். அதன் சிராய்ப்புகளை அளந்து இன்னொரு பலகையில் பதித்ததற்கு அந்தத் தகுதி இல்லை. உன் கையும் உன் கச்சேரிகளும் போட வேண்டிய அடையாளத்தை வேறு யாரோ முன்கூட்டியே போட்டுவிட்டால், உனக்கு என்ன மிச்சம்?

வாங்கப் போகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்கு ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று விலையில் பேஸ்களை எடுத்து, எது எது என்று சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கம்பி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், புதுக் கம்பியும் பழைய கம்பியும் பிக்கப்பைவிட அதிகமாக ஏமாற்றும். ஆம்ப்பில் செருகும் முன்பே ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். விலை உயர்ந்ததுதான் கைக்குப் பொருந்துகிறது, பணமும் இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள். தேய்க்காததாக இருக்கட்டும், பெரும்பாலும் அதன் விலையும் குறைவு. பொருந்துவது மலிவான பேஸ் என்றால் அதை வாங்கி, ஒரு செட் ஃப்ளாட்வவுண்ட் போட்டு, நேராக ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய் ஃப்ரெட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ஆசிரியரிடம் ஒரு வருடம் உட்காரலாம்.