மைதானங்களை இழக்கப்போகிறோம்

2025 நவம்பர் 22 முதல் 30 வரை சீனாவின் சொங்சிங் மாநகரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் ‘ஏ’ குழு ஆட்டங்கள் நடந்தன. சீனா, பங்களாதேஷ், பஹ்ரைன், திமோர், புரூணை அணிகளோடு இலங்கைச் சிறுவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்கள் அங்கே ஆடிக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான் டித்வா புயல் இங்கே மலைகளைச் சரித்தது. வேறெந்த மாவட்டத்தையும் விட அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி. பேராதனையிலும் கம்பளையிலும் வெள்ளம் வீடுகளுக்குள் நின்றபோது, சொங்சிங்கில் என்ன ஆயிற்று என்று யார் கேட்டிருப்பார்கள்? அந்த வாரத்தில் கேட்காதது தவறில்லை. வெள்ளம் வடிந்த பிறகும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் நம் கவலை.

குழுவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே சவூதி அரேபியாவில் நடக்கும் இறுதிச் சுற்றில் இடம். சீனா ஐந்து ஆட்டங்களையும் வென்றது; 42 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. நான்கு ஆட்டங்களை வென்ற பங்களாதேஷுக்கே கடைசி நாளில் 4-0 என்று கதவு சாத்தப்பட்டது. அதே நாளில் அகமதாபாத்தில் இந்தியச் சிறுவர்கள் ஈரானை 2-1 என வீழ்த்தித் தங்கள் குழுவிலிருந்து தகுதி பெற்றார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் கொழும்பு றேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த தெற்காசிய 17 வயதுக்குட்பட்டோர் போட்டியின் இறுதியாட்டத்தில் மோதியவையும் இந்தியாவும் பங்களாதேஷும்தான். சொந்த மண்ணில் நடந்த அந்தப் போட்டியில் நாம் முதற்சுற்றோடு நின்றோம்.

சொங்சிங்கில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒன்பது நாளில் ஐந்து ஆட்டம். முழு அளவு மைதானத்தில் தொண்ணூறு நிமிடம். இதற்குப் பழகாத பையனுக்கு மூன்றாவது ஆட்டத்திலேயே கால் கனத்துவிடும். அவன் எங்கே பழகுவான்? பாடசாலைப் போட்டிகள் பெரும்பாலும் நொக்கவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டு அவனுக்கு அதோடு சரி.

இனிக் கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களைப் பாருங்கள். ஹந்தானையிலோ கலஹாவிலோ புசல்லாவையிலோ பின்னேரம் நான்கரை மணிக்குப் போனால், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பையன்கள் பந்து உதைப்பதைக் காணலாம். ஒரு பக்கம் கொழுந்து மடுவம், மறுபக்கம் வடிகான், கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு கல். கீழ்ச்சரிவில் ஒருவன் ஆடாமலே நிற்பான்; தேயிலைக்குள் உருளும் பந்தை எடுத்து வருவது அன்றைக்கு அவன் முறை. இப்படி ஆடி வளர்ந்தவனுக்கு நெருக்கடியில் பந்தைக் காலடியில் வைத்திருக்கத் தெரியும், அதில் சந்தேகமே வேண்டாம். நாற்பது மீற்றர் நீளப் பந்து கொடுக்கத் தெரியாது. கொடுத்தால் பந்து பள்ளத்துக்குப் போய்விடும் என்று பயந்தே வளர்ந்தவன் அவன்.

முழு அளவு உதைபந்தாட்ட மைதானம் என்பது 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர், அதுவும் ஒரே மட்டமாக. ஏழு பேர்ச் காணிக்கே ஆண்டுக்கணக்காகப் போராடிய மக்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் மட்டநிலம் எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்லத் தேவையில்லை. தோட்டக் காணி அரசுடையது. 1992இலிருந்து பெரும்பாலும் கம்பனிகளிடம் இருக்கிறது. அதில் பந்து உதைக்கும் பையனுக்கு எந்த உரிமையும் இல்லை. தோட்டத் துரை வேண்டாம் என்றால் விளையாட்டு நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் அபாயச் சங்கு ஊதுகிறோம். மண்சரிவு ஆபத்துள்ள லயன்களிலிருந்து குடும்பங்களை வெளியேற்றிப் பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அதைத் தாமதிப்பது கொலைக்குச் சமம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் மலைநாட்டில் பாதுகாப்பான மட்டநிலத்தைத் தேடி வரைபடத்தை விரிக்கும் அதிகாரியின் விரல் முதலில் எங்கே போய் நிற்கும்? பாடசாலை மைதானத்தில். அடுத்தது தோட்டத்து மைதானத்தில். அங்கே தேயிலை இல்லை, கம்பனிக்கு நட்டமில்லை, எதிர்த்துக் கேட்கச் சங்கமும் இல்லை. விளைச்சல் குறைந்த தேயிலை நிலத்தைக் கம்பனியிடமிருந்து மீட்பது சிரமமான வேலை. சிறுவர்களின் மைதானத்தை எடுப்பதற்கு ஒரு கடிதம் போதும். வீடு வேண்டுமா, மைதானம் வேண்டுமா என்று அந்த மக்களிடமே கேட்டு வாயை அடைப்பதும் சுலபம். இரண்டையும் கொடுக்கக்கூடிய அளவு காணி அரசின் பெயரில் இருக்கிறது என்பதை மறைத்துவிட்டுக் கேட்கப்படும் கேள்வி அது.

கண்டி விளையாட்டில் பின்தங்கிய ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. அஸ்கிரியவிலும் பல்லேகலையிலும் டெஸ்ட் கிரிக்கெட் நடந்திருக்கிறது. நித்தவெலயில் றக்பி. திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயலும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. அந்த ஆட்டத்தின் நாள் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும், பயிற்றுநர் இருப்பார், பழைய மாணவர்கள் பணம் போடுவார்கள். (றக்பி மீது நமக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது.) உதைபந்தாட்டம் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் அக்குறணையிலும் உயிரோடு இருக்கிறது. கம்பளை கிறிஸ்டல் பலஸ் கழகம் தேசிய மட்டத்தில் ஆடியது. நாவலப்பிட்டி ஜயதிலக்க மைதானத்தில் பெரிய ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. ஆகவே ஆர்வத்துக்கோ திறமைக்கோ இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் நிலத்துக்கும் ஆட்ட அட்டவணைக்கும்தான்.

கொழும்பு என்ன செய்துகொண்டிருந்தது? 2023 ஜனவரியில் ஃபிஃபா நம் உதைபந்தாட்டச் சம்மேளனத்தைத் தடை செய்தது. ஆகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. அந்த ஆண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் நாம் இல்லை. 1995இல் இந்தியாவை வென்று அதே கிண்ணத்தைத் தூக்கிய நாடு இது. பெரியவர்கள் தேர்தலுக்கும் பதவிக்கும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, சொங்சிங் சென்ற வயதுப் பிரிவின் பிள்ளைகளுக்கு வயது பதினான்குக்குள். ஆட்டக்காரன் உருவாகும் வயது அது.

தடைக்குப் பிறகு தேசிய அணி கொஞ்சம் தலை நிமிர்ந்தது உண்மை. 2025 ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3-1 என வென்றோம். அந்த அணியைத் தூக்கி நிறுத்தியவர்களில் பலர் வெளிநாட்டில் பிறந்து, அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். அவர்களை வரவேற்கிறோம். ஆனால் வேறு நாட்டு அக்கடமிகள் செலவழித்து வளர்த்த பிள்ளைகளை அழைத்து வந்து பெறும் வெற்றி, கலஹாவிலும் தெல்தோட்டையிலும் ஒன்றும் வளரவில்லை என்பதை மூடி மறைக்கிறது. சிறுவர் அணிக்கு அந்தப் போர்வை கிடைப்பதில்லை. அதனால்தான் உண்மை அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

இது ஒருமுறை வந்து போகும் சோதனையும் அல்ல. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் 48 அணிகளோடு 2029 வரை ஒவ்வோர் ஆண்டும் கத்தாரில் நடக்கப்போகிறது. முன்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை தோற்றோம். இனி ஆண்டுதோறும் தோற்க வாய்ப்பு. 2029ஆம் ஆண்டுக் கிண்ணத்துக்கு 2012இல் பிறந்தவனும் ஆடலாம். அவன் இப்போது எட்டாம் ஒன்பதாம் தரத்தில் இருக்கிறான். இன்னும் இரண்டு ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை, டியூஷன், அதோடு பந்து மூலைக்குப் போய்விடும்.

மத்திய மாகாண விளையாட்டுத் திணைக்களமும் கண்டி மாவட்டச் செயலகமும் நான்கு காரியங்களை இந்த ஆண்டுக்குள் செய்ய வேண்டும். மீள்குடியேற்றத்துக்கு அடையாளம் காணும் காணிகளின் பட்டியலை வெளியிட்டு, அதில் எந்த மைதானமும் இல்லை என உறுதி சொல்ல வேண்டும். புதிய குடியிருப்புத் திட்டம் ஒவ்வொன்றிலும் மைதானத்துக்கு நிலம் ஒதுக்க வேண்டும். 14, 15 வயதுப் பிள்ளைகளுக்குத் தோற்றாலும் தொடர்ந்து ஆடக்கூடிய லீக் ஒன்றைத் தோட்டப் பாடசாலைகளையும் சேர்த்து நடத்த வேண்டும். தெரிவுப் போட்டிக்காகப் பையன்களைக் கொழும்புக்கு இழுக்காமல் தெரிவாளர்கள் கண்டி போகம்பரைக்கும் நாவலப்பிட்டிக்கும் வர வேண்டும். சம்மேளனத்துக்கும் ஒரு வார்த்தை: ஃபிஃபா ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனத்துக்கும் 2023-2026 காலத்தில் 80 இலட்சம் டொலர் வரை ஒதுக்குகிறது. அதில் கண்டி மாவட்டச் சிறுவர்களுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதைப் பகிரங்கமாக அறிவியுங்கள்.

பெற்றோரும் அதிபர்களும் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் மைதானத்தில் நில அளவையாளர் கம்பு நடுவதைக் கண்டால் அன்றைக்கே பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள், பிரதியை எமக்கும் அனுப்புங்கள். அத்திவாரம் வெட்டிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.