குழலை வார்த்த கைகள்

சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரை ஒட்டி அமைந்துள்ளது பென்னலூர். மகிழுந்துகளும் கைப்பேசிகளும் உருவாகும் தொழிற்பகுதி இது. இதற்கு மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை வளைத்து முறியடித்தனர். (மகேந்திரவர்மன் பகைவரை வென்ற களமாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும் புள்ளலூரும் இதுவே.) பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, மைசூர் ஏவுகணைகளே அத்தீயை மூட்டின என்பது நெடுநாள் வழக்கு.

இவ்வெற்றியைச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். ஏவியவரைப் போற்றும் நாம், குழல் செய்த கொல்லரை நினைப்பதில்லை என்பதே என் மனக்குறை. ஏவுகணையைச் சீனர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். தாளிலும் மூங்கிலிலும் அடைத்த மருந்து எரியும்போது எழும் அழுத்தத்தை அக்கூடு நெடிது தாங்காது. மைசூர்க் கொல்லர் இரும்பைத் தகடாக்கிக் குழலாக வளைத்தனர். குழல் உறுதியாக நின்றதால் உள்ளே அழுத்தம் மிகுந்தது. வளி சிறு துளை வழியே பெருவிசையுடன் பின்னோக்கிப் பாய, ஏவுகணை முன்னோக்கிப் பாய்ந்தது. உடன் கட்டிய நீண்ட மூங்கில் கழி அதன் போக்கை நிலைப்படுத்தியது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழுந்த அவ்விரும்பின் தரமே வெற்றியின் வேர். அதைச் செய்தவருள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா?

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. ஏவுகணைகள் இங்கிலாந்தின் வூலிச்சுக்குச் சென்றன. அவற்றால் தூண்டப்பெற்ற வில்லியம் காங்கிரீவ் சோதனைகள் செய்தார்; அளந்தார்; நூலாக எழுதினார். 1807இல் அவருடைய ஏவுகணைகள் கோபன்கேகன் நகரை எரித்தன. இங்கோ, கருநாடகத்தின் நகரா என்னும் ஊரில் ஒரு பாழ்ங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏவுகணைகளை 2018இல் தொல்லியலார் அகழ்ந்தெடுத்தனர். பொருள் மண்ணுள் கிடந்தது, கலை தொடரவில்லை.

அறுந்த இழையை மீண்டும் பற்றியவர்களும் உண்டு. 1974இல் பிரான்சுடன் செய்த உடன்பாட்டின்படி, நம் பொறியாளர்கள் அங்குச் சென்று உழைப்பைக் கொடுத்துத் திரவ எரிபொருள் எஞ்சினின் நுட்பத்தைக் கற்றனர். அக்குழுவை வழிநடத்தியவர் நம்பி நாராயணன். அவ்வாறு பிறந்த விகாஸ் எஞ்சின், நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகிறது. 2023இல் சந்திரயான்-3ஐச் சுமந்த ஏவூர்தியிலும் அதுவே இயங்கியது. எஞ்சினை விலைக்கு வாங்கியிருந்தால் அடுத்த எஞ்சினையும் வாங்கவேண்டி வந்திருக்கும்.

பென்னலூரைச் சூழ்ந்த ஆலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றன. அதை மறுப்பார் யார்? ஆயினும் பிறர் வரைந்த வரைபடத்தின்படி உறுப்புகளைப் பொருத்துவதோடு நம் இளைஞரின் பணி முடிந்துவிடலாகாது. வரைபடம் தீட்டும் கூடமும், பொருளை உடைத்துச் சோதிக்கும் கூடமும், தவறியவற்றையும் எழுதிவைக்கும் குறிப்பேடும் ஆலையின் உள்ளேயே இருத்தல் வேண்டும். அது இயலாத ஒன்றன்று. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினுடன் 2024 மே 30 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து தன் ஏவூர்தியைச் செலுத்தியது. அந்த எஞ்சினை வரைந்தவர்களும் செய்தவர்களும் ஒரே குழுவினர்.