வண்டி பூசைக்கு வர்றவங்க கண்ணாடிய இறக்காதீங்க

பதிவு கொஞ்சம் நீளம். புது வண்டி எடுத்தவங்க, எடுக்கப் போறவங்க பொறுமையாப் படிங்க.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை காலையில, தோ பாயோவுல நம்ம கோயில் வாசல்ல வண்டி பூசை. ஒரு தம்பி குடும்பத்தோட வந்திருந்தார். ஆள் ஏத்தி ஓட்டிப் பிழைக்கறதுக்காக எடுத்த ஏழு சீட் வண்டி. செகண்ட் ஹேண்ட்தான், ஆனா அவருக்கு அது புதுசு. முந்தின நாள் சாயந்திரம்தான் டின்ட் ஒட்டியிருக்கார். குருக்கள் தீபாராதனை காட்டறப்ப, தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன நான்தான் சொன்னேன், “தம்பி, நாலு கண்ணாடியையும் இறக்குங்க, சாம்பிராணிப் புகை உள்ள போகட்டும்.” இறக்கினார், அப்புறம் ஏத்தினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு சந்தோஷமாக் கிளம்பினார்.

அடுத்த வாரம் வந்து காட்டினார். முன் கதவுக் கண்ணாடி ரெண்டுலயும் மேல் ஓரத்துல பிலிம் பெயர்ந்து மடிஞ்சிருக்கு, அதுக்குக் கீழ குமிழ் குமிழா நிக்குது. ஒட்டின கடையில, “நீங்க கண்ணாடிய இறக்கிட்டீங்க, வாரண்டி கிடையாது”ன்னு சொல்லிட்டாங்களாம். யாரோ சொன்னாங்கன்னு இவர் ஊக்கால குமிழைக் குத்தி, பேங்க் கார்டால தேச்சு, பிலிம் முழுக்கக் கோடு விழுந்துடுச்சு. “ராத்திரி பின்னாடி வர்ற வண்டி லைட் பட்டா சைடு மிரர் தெரியலண்ணே”ன்னார். என்னைக் குறை சொல்லவே இல்ல. பாதிக் காசு நான் தர்றேன்னேன், வாங்க மாட்டேன்னுட்டார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியா வரல.

அதுக்கப்புறம்தான் டின்ட் ஒட்டற ரெண்டு மூணு பேர்கிட்ட விசாரிச்சேன். விஷயம் ரொம்ப எளிது. பிலிமை சோப்புத் தண்ணி தெளிச்சுத்தான் கண்ணாடியில வைக்கறாங்க. அப்பதான் அதை நகர்த்தி சரியான இடத்துல உட்கார வைக்க முடியும். பிறகு ரப்பர் தகட்டால தண்ணியத் தள்ளி எடுக்கறாங்க. என்னதான் தள்ளினாலும் கொஞ்சம் உள்ள தங்கிடும். அந்தத் தண்ணி பிலிம் வழியா மெள்ள மெள்ள ஆவியாகிப் போகணும். அது போகிற வரைக்கும் பசை முழுசாப் பிடிக்காது. மூணு நாள்லேருந்து ஒரு வாரம் கண்ணாடிய இறக்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான். இறக்கினா கதவு ரப்பர் பிலிமை உரசி ஓரத்தைக் கிளப்பிடும்.

ஆக, புதுசா ஒட்டினதுல மங்கலா, பால் மாதிரி, சின்னச் சின்னக் கொப்புளமாத் தெரியறது பெரும்பாலும் தண்ணி. அது தானாப் போகும். வெயில் பட்டா சீக்கிரம் போகும். நம்ம ஆளுங்க வண்டி வீவக மாடி கார்பார்க்ல நிழல்லயே நிக்குது, அதனால இழுக்கும். ஒரு வாரத்துக்கு மேல் மாடியில, மொட்டை வெயில்ல கொண்டு போய் நிறுத்துங்க. டிசம்பர், ஜனவரி மழையில இன்னும் தாமதமாகும், மூணு நாலு வாரம்கூட ஆகலாம்.

ஆனா எல்லாக் குமிழும் தண்ணி இல்ல. தெளிவா, உருண்டையா, வெயில்ல ரெண்டு வாரம் நின்னும் அளவு குறையாம இருக்கா? அது காத்து. நடுவுல ஒரு புள்ளி தெரியுதா? அது தூசி. ஓரத்துல விரல் விரலா நீண்டு போகுதா? அது மடிப்பு. இந்த மூணும் ஒரு வருஷம் காத்திருந்தாலும் போகாது, பிலிமைக் கழட்டித் திரும்ப ஒட்டணும். பின் கண்ணாடி ஓரத்துல கறுப்புப் புள்ளி வரிசை இருக்கே, அந்த இடத்துல பிலிம் படியாம வெள்ளையாத் தெரியறது மட்டும் வேற, அதுக்குக் கடைக்காரரோட சண்டை போடாதீங்க. பழைய வண்டியில பிலிம் ஊதா நிறமாகி முழுக்கப் பொங்கியிருந்தா பசை செத்துப் போச்சுன்னு அர்த்தம். உரிச்சு எடுக்கிறதைத் தவிர வழியில்ல. பின் கண்ணாடியில ஹீட்டர் கம்பி ஓடுது, பிளேடு வச்சுச் சுரண்டாதீங்க.

இங்கதான் எனக்குக் கோபம். சில கடையில எந்தக் குமிழைக் காட்டினாலும் “ரெண்டு வாரத்துல போயிடும் அங்கிள்”ன்னு ஒரே பதில். தண்ணிக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தூசிக்கும் சொல்றாங்க. நாம நம்பிக் காத்திருப்போம், அப்புறம் போனா, “இவ்வளவு நாள் ஏன் வரல?” கம்பெனியில நான் பாக்கற லைன்ல இப்படி ஒரு பீஸ் வந்தா வெளிய விடுவேனா? அதனால வண்டிய எடுக்கறப்பவே வெளிச்சத்துல நிறுத்தி, உள்ளேருந்து ஒவ்வொரு கண்ணாடியாப் பாருங்க. கைப்பேசியில படம் எடுத்து வச்சுக்குங்க. வாரண்டியில குமிழும் ஓரம் பெயர்றதும் அடங்குமான்னு எழுத்துல வாங்குங்க.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. நல்ல கடைக்காரர் கண்ணாடி சுவிட்ச் மேல “இறக்காதீர்”னு ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுக்கறார். பூசைக்கு அழகா இல்லன்னு நாமதான் அதைக் கிழிக்கறோம். மலிவுன்னு ஜோகூர் பாரு போய் ஒட்டறவங்க, குமிழ் வந்தா வாரண்டிக்கு மறுபடியும் பாலத்துல வரிசையில நிக்கணும்னு யோசிக்கறதில்ல. அதோட அங்க 2019-லேருந்து பின்பக்கம் எவ்வளவு கறுப்பும் ஒட்டலாம், முன் கதவுக்கு 50 விழுக்காடு வெளிச்சம் போதும். நம்ம ஊர்ல முன் கண்ணாடி, முன் கதவுக் கண்ணாடி 70, பின்னாடி 25 விழுக்காடு வெளிச்சமாவது உள்ள விடணும். குமிழை மறைக்க மேல இன்னொரு பிலிம் ஒட்டலாம்னு ஒருத்தர் ஐடியா கொடுத்தாராம். வெளிச்சம் இன்னும் குறைஞ்சு இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டிக்குவீங்க.

இப்ப பூசை விஷயம். என் கருத்து, பூசை முதல்ல, டின்ட் பிறகு. நல்ல நாள் நமக்காகக் காத்திருக்காது, டின்ட் கடை காத்திருக்கும். ஆனா வண்டி விக்கறவங்களே டின்ட் ஒட்டிக் கொடுத்துடறாங்க, அப்ப என்ன செய்யறது? கதவைத் திறங்க! நாலு கதவையும் திறந்தா புகை தாராளமா உள்ள போகும். இதை நான் சொன்னப்ப ஒரு பெரியவர், “காலங்காலமா கண்ணாடிய இறக்கித்தானே பண்றோம்”னார். பவர் விண்டோவுக்கு எந்த சாஸ்திரத்துல விதி இருக்குன்னு கேட்டேன், சிரிச்சுட்டார்.

சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வைங்க. உள்ள பிலிம் மேல விபூதி பட்டா, காய்ஞ்ச துணியால தேய்க்காதீங்க, கீறல் விழும். ஒரு மாசம் கழிச்சு ஈரத்துணியால மெதுவாத் துடைங்க. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம். வேல், ஓம் ஸ்டிக்கரும் வெளிப்பக்கம்தான். உள்ள ஒட்டினா, எடுக்கறப்ப பிலிமும் சேர்ந்து வரும்.

அந்தத் தம்பி வர்ற புதன்கிழமை ரெண்டு கண்ணாடியும் மாத்தறார், வேற கடையில. நானும் கூடப் போறேன். வெள்ளிக்கிழமை காலையில வழக்கம்போல வாசல்ல இருப்பேன். டின்ட் எப்ப ஒட்டினீங்கன்னு முதல்ல கேப்பேன், கோவிச்சுக்காதீங்க.