எழுநூறு காவதமும் ஏழாயிரம் மைலும்

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல்கொண்ட நிலம் ஏழாயிரம் மைல் நீண்டு கிடந்தது என்னும் முழக்கத்தை நாம் மேடைகளிலே கேட்டிருக்கிறோம். கைதட்டலையும் கேட்டிருக்கிறோம். கைதட்டியோருள் ஒருவரேனும் வீடு திரும்பியதும் பூகோள உருண்டையைக் கையிலெடுத்தாரா என்பதே நமது ஐயம். குமரிமுனை வட அகலக்கோடு 8 பாகையில் உள்ளது. அங்கிருந்து தென்துருவம் 98 பாகை. பாகையொன்றுக்கு ஏறத்தாழ 69 மைல் எனக் கொண்டு பெருக்கினால் 6,762 மைல் வரும். எனவே நமது பேச்சாளரின் குமரிநாடு தென்துருவத்தையும் கடந்து, அப்பாலும் இருநூறு மைலுக்கு மேல் நீள்கிறது! இதைச் சுட்டிக்காட்டுபவன் இனத்தின் பகைவன் எனப்படுவான். அதுபற்றி நாம் கவலைகொள்ளவில்லை.

இந்த ஏழாயிரம் எங்கிருந்து வந்தது? சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடைப்பட்ட தொலைவை எழுநூறு காவதம் என்றார். அவர் மைல் என்று சொல்லவில்லை. காதம் என்பது ஏறக்குறையப் பத்து மைல் என்னும் அகராதிப் பொருளை எடுத்து, எழுநூற்றைப் பத்தாற் பெருக்கியவர்கள் நம் காலத்தவர்கள்.

அந்தப் பத்து மைல்தான் யாது? ஏழரை நாழிகை வழி. நாழிகை 24 நிமிடமாதலின் ஏழரை நாழிகை மூன்று மணி நேரம். கைவீசி விரைந்து நடப்பவன் அந்நேரத்திற் கடக்கும் வழி. தலைச்சுமையோடு நடப்பவனுக்கும், சேற்று வழியிற் செல்பவனுக்கும் அதே மூன்று மணியில் அத்தனை மைல் கிடைக்குமா? காலத்தால் அளந்த வழியை நிலத்தின் அளவாக்கும்போது நடந்தவனை மறந்துவிடுகிறோம்.

கணக்கதிகார வாய்பாடோ வேறு கணக்குச் சொல்கிறது. நான்கு முழம் ஒரு கோல். ஐந்நூறு கோல் ஒரு கூப்பிடு. நான்கு கூப்பிடு ஒரு காதம். ஆக எண்ணாயிரம் முழம். முழத்துக்கு ஒன்றரை அடியென்றால் 12,000 அடி, அதாவது இரண்டேகால் மைலுக்குச் சற்று மேல். எழுநூறு காதம் ஏறக்குறைய 1,590 மைலாகச் சுருங்கிவிடுகிறது. சோழர் சாசனங்களில் வரும் பதினாறு சாண் கோலை இவ்வாய்பாட்டில் வைத்தாலோ (அது வயலளந்த கோல், வழியளந்த கோலன்று, வாதத்துக்காகவே வைக்கிறோம்) விடை இருமடங்காகி 3,180 மைலாகும். சொல் ஒன்று, எண் ஒன்று, விடை மூன்று. இவற்றுள் மிகப் பெரியது எதுவோ அதுவே மேடையேறிற்று.

கோல் ஒன்றாய் இராமைக்குக் காரணமுண்டு. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெண் சாண் கோல் எனச் சாசனங்கள் பல கோல்களைக் கூறும். கோயிற் சுவர்களிலே கோலளவு வெட்டி வைக்கப்பட்டதும் உண்டு. கோல் குறுகினால் அதே வயல் கூடுதலாக அளக்கும், இறையும் கூடும். பழைய அளவையின் சரித்திரம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது: கோலைப் பிடித்தவன் யார், அளக்கப்பட்டவன் யார் என்ற கேள்வியில். பழம்பெருமை பேசுவோர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. காணியற்ற உழவனுக்குக் கடலடியில் ஏழாயிரம் மைல் காணி எழுதிக்கொடுப்பது மலிவான தருமம். உறுதி முடிக்க நொத்தாரிசும் வேண்டியதில்லை.

இது தமிழர்க்கு மட்டும் உரிய நோயன்று. எரத்தோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவு 252,000 ஸ்தாதியம் என்றார். ஒரு ஸ்தாதியம் 157.5 மீற்றர் என்றால் 39,690 கிலோமீற்றர் வரும். உண்மையளவை ஏறக்குறையத் தொட்டுவிடும். 185 மீற்றர் என்றால் 46,620 ஆகிவிடும். விடை சரியாக வரும் ஸ்தாதியத்தைத் தெரிந்தெடுத்துவிட்டு, விடை சரியாக வந்ததே என்று வியப்பவர்கள் ஐரோப்பாவிலும் உண்டு. அவர் பெருமை நிழலையும் கோணத்தையும் கொண்டு பூமியை அளக்கலாம் என்று கண்டதில் இருக்கிறது. அதற்கு இந்தத் தந்திரம் தேவையில்லை.

மீண்டும் அடியார்க்குநல்லாரிடம் வருவோம். அழிந்தவை ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகள் என்கிறார். சோழர் காலத்தில் நாடு என்பது சில பல ஊர்கள் சேர்ந்த சிறு பிரிவு. அத்தகைய நாற்பத்தொன்பதை ஏழாயிரம் மைலுக்கு எப்படி இழுத்துக் கட்டுவது? ஏழும் ஏழேழும் எழுநூறும் அளந்து கண்ட எண்களா, கதை சொல்பவனுக்குக் கைவந்த எண்களா என்ற ஐயமும் நமக்கு எழுகிறது.

கடல் நிலத்தைக் கொண்டதே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்குப் பின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் உயர்ந்தது. அதற்கு முன் நம் இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. பாக்கு நீரிணையின் ஆழமின்மையே அதற்குச் சான்று. குமரிமுனைக்குத் தெற்கிலும் கரையோர மேடை சிறிது தூரம் உண்டு. அதற்கப்பால் கடல் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. 1864 இல் ஸ்கிளேற்றர் லெமூர் விலங்குகளின் பரம்பலை விளக்க ஊகித்த லெமூரியாக் கண்டமும், கண்டங்களே நகர்கின்றன என்பது 1960களில் நிலைநாட்டப்பட்டதோடு விஞ்ஞானத்தினின்று விடைபெற்றுவிட்டது.

பாடசாலையில் இந்த எழுநூறு காவதம் வரும் நாளில், ஆசிரிய நண்பர்கள் மாணவர் கையில் பூகோள உருண்டையையும் ஒரு நூலையும் கொடுக்கட்டும். 1,590, 3,180, 7,000 என்று மூன்று நீளத்துக்கு நூலை வெட்டி, குமரிமுனையில் ஒரு நுனியை அழுத்திப் பிடித்துத் தெற்கே இழுக்கச் சொல்லட்டும்.