யாறும் ஆறும்: மேடைச் சொல்லாய்வுக்கு ஒரு மறுப்பு

நிலத்தை அறுத்துச் செல்வதால் 'ஆறு' என்று பெயர். 'படு' பாடு ஆவதுபோல் 'அறு' ஆறு ஆயிற்று. தஞ்சை வட்டார மேடைகளில் தவறாமல் கைதட்டல் பெறும் விளக்கம் இது. வெண்ணாறும் வெட்டாறும் அரசலாறும் பாயும் மண்ணில் பொருத்தமாகவும் தோன்றும். ஆயினும் பிழை.

பழந்தமிழ் வடிவம் 'யாறு'. 'அறு' நீண்டால் ஆறு வரும்; யாறு எங்ஙனம் வரும்? யானை ஆனையாகவும் யாண்டு ஆண்டாகவும் திரிந்ததுபோல, யகரம் கெட்டே ஆறு பிறந்தது. தெலுங்கைப் பாருங்கள்: யானை ஏனுகு, யாண்டு ஏடு, யாறு ஏறு. மூன்றிலும் 'யா'வுக்கு நேராக 'ஏ'. இது தற்செயல் அன்று, ஒலிவிதி. எண்ணைக் குறிக்கும் ஆறு தெலுங்கிலும் ஆறுதான். கோண்டியில் அது 'சாருங்'. அங்கே தொலைந்தது சகரம். நம் காதில் ஒன்றாக ஒலிக்கும் இரு சொற்கள் பிறப்பால் வேறு.

இலக்கணமும் இதையே உறுதிசெய்கிறது. ஆறு வேற்றுமை ஏற்கும்போது 'ஆற்றில்' என ஒற்று இரட்டுவதை நன்னூல் விதியாக மனப்பாடம் செய்விக்கிறோம். தெலுங்கிலும் 'ஏறு' வேற்றுமையில் றகரம் இழந்து வல்லின டகரம் பெறுகிறது. ஆக, இரு மொழிகளும் பிரியுமுன்பே இத்திரிபு இருந்திருக்க வேண்டும். மூலத் திராவிடப் பெயர்ச்சொல்லுக்கு உடுக்குறியிட்டு *யாறு என்று எழுதுவது இத்தகைய சான்றுகளின் வலிமையால்தான்.

அந்த உடுக்குறி தமிழைத் தாழ்த்த மேலைநாட்டார் செய்த சூழ்ச்சி என்கிறார்கள். கால்டுவெல் 1856-இல் தொடங்கிய ஒப்பாய்வும், பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய அகராதியும் சொல்வதென்ன? தெலுங்கு இழந்த யகரத்தைப் பழந்தமிழ் காத்தது என்பதே. இதில் தாழ்வு எங்கே? தாழ்வு, அந்த யகரத்தை மேடையில் தொலைப்பதில் இருக்கிறது.

உடனே திருவையாற்றைச் சான்றாகக் காட்ட யாரும் புறப்பட வேண்டாம். ஐயாற்றின் யகரம் உடம்படுமெய்யாகவும் இருக்கலாம். அது எதையும் நிறுவாது. நமக்கு உகந்த முடிவுக்கும் சான்று வேண்டும் என்பதே ஆய்வின் முதல் ஒழுக்கம். அதைக் கற்பிக்காத தமிழ் வகுப்பிலிருந்து பேச்சாளர்கள் வருவார்கள், ஆய்வாளர்கள் வரமாட்டார்கள்.